பூசியது தெரியக் கூடாது!

“சித்தி! எனக்கு மேக்கப் போடக் கத்துக் குடுக்கணும். ஆனா, போட்டது யாருக்கும் தெரியக் கூடாது!”

புதுக்கோட்டையிலிருந்து என் அக்கா மகள் டெலிபோனில் இப்படி ஓர் உத்தரவு போட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. கொஞ்சம் உதறலும் எடுத்தது. காரணத்தைச் சொல்லி விடுகிறேன். பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அழகுக் குறிப்புகள் எத்தனையோ திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அவற்றில் ஒன்றையாவது என் முகத்தில் செய்து பார்த்தது கிடையாது. காலையில் முகம் கழுவினால் ஒரு விரல் பவுடர், ஒரு பொட்டு. தீர்ந்தது என் அலங்காரம். நீச்சல் தெரியாதவள் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, ‘கையை அப்படி வீசு, காலை இப்படி அடி’ என்று கூச்சல் போடுவதைப் போலத்தான் இத்தனை வருஷமாக நேயர்களுக்கு யோசனை சொல்லி வந்திருக்கிறேன்!

“உங்கம்மாவைக் கேளேன்” என்றேன்.

“அம்மா போட்டு விட்டா ஊருக்கே தெரியும், சித்தி. இந்தத் தடவை நான் நானா இருக்கணும். அதுக்காகத் தூங்கி எழுந்த மூஞ்சியோட போய் நிக்கவும் முடியாது.”

‘இந்தத் தடவை’ என்று அவள் சொன்னதில் ஒரு பழைய கதை இருக்கிறது.

பாப்பாவுக்கு இருபத்து நாலு வயசு. ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். அப்படியும் வீட்டில் அவள் பாப்பாதான். நல்ல கறுப்பு. ஜாதகத்தோடு அனுப்பும் காகிதத்தில் அக்கா ‘மாநிறம்’ என்று எழுதுவாள். “கறுப்புக்கு எதுக்கும்மா புனைபெயர்?” என்று பாப்பா கேட்பாள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் அவளைப் படம் எடுத்தார்கள். படம் கைக்கு வந்தபோது அதில் பாப்பாவின் மூக்கு இருந்தது, கண் இருந்தது, பாப்பாதான் இல்லை. முகம் பால்கோவா நிறத்தில் பளபளத்தது. கம்ப்யூட்டரில் தேய்த்துத் தேய்த்து அந்தப் பெண்ணை அழித்தே விட்டிருந்தார்கள். அக்காவுக்கோ பரம திருப்தி! அந்தப் படம் போயிற்று. பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், காபி சாப்பிட்டார்கள். பிள்ளையின் தாயார் செல்போனில் இருந்த படத்தை ஒரு முறையும் பெண்ணை ஒரு முறையும் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். “போய்ப் போன் பண்றோம்” என்று எழுந்தார்கள். போன் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி பாப்பா எனக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. “அவங்க என்னை வேணாம்னு சொல்லலை, சித்தி. அந்தப் போட்டோப் பொண்ணு வரலைன்னுதான் அவங்களுக்கு ஏமாத்தம். என்னை இன்னும் யாரும் பாக்கவே இல்லை.”

இப்போது இன்னொரு இடம் கூடி வந்திருந்தது. புதன்கிழமை சாயங்காலம் வருகிறார்கள். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் புதுக்கோட்டையில் போய் இறங்கினேன்.

இறங்கிய அரை மணிக்குள் அக்காவுக்கும் எனக்கும் சண்டை. அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து ரகசியமாகக் காட்டினாள். “பத்து நாள் தடவினாப் போதுமாம், ரெண்டு கலர் தூக்கி விடுமாம்” என்றாள். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறதென்றும் இல்லை. இப்படிப்பட்ட வெள்ளைப்படுத்தும் க்ரீம்களில் பலவற்றில் பாதரசம் கலந்திருப்பது உலகம் முழுவதும் கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி. பாதரசம் தோலில் கறுப்பு நிறமி உண்டாவதைத் தடுக்கும். ஆனால் அதோடு நிற்காது, சிறுநீரகம் வரை போகும். கேரளத்தில் மலப்புரம் ஜில்லாவில் 2023-இல், சிறுநீரகக் கோளாறு என்று வந்த நோயாளிகளை டாக்டர்கள் குடைந்து குடைந்து விசாரித்தபோது, அவர்களில் பலர் இந்த மாதிரி க்ரீம் தடவி வந்தவர்கள் என்று தெரிந்தது. இதைச் சொன்னவுடன் அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! பாவம், அவள் மேல் கோபித்து என்ன பயன்? 1975-இல் கடைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொள்ள 2020 வரை ஆயிற்று. ‘கறுப்பும் அழகே’ என்று சொல்லச் சென்னையில் ஓர் இயக்கம் கிளம்பியதே 2009-இல்தான். நாற்பத்தைந்து வருஷம் ஒரு விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்தவளிடம் நாலு நிமிஷத்தில் பேசி ஜெயித்துவிட முடியுமா? டப்பாவை மட்டும் கைப்பற்றிக்கொண்டேன்.

“சித்தி, கடைக்குச் சாயங்காலம் போகலாம். முதல்ல ஒரு இடம் காட்டுறேன்” என்று பாப்பா ஸ்கூட்டரை எடுத்தாள். எந்த இடம் என்று கேட்கிறீர்களா? சித்தன்னவாசல்!

ஊரிலிருந்து சுமார் பதினாறு கிலோமீட்டர். இருபுறமும் செம்மண், நடுவில் மொட்டைப் பாறை. ஏதோ பள்ளிக்கூட உல்லாசப் பயணத்தில் சின்ன வயசில் வந்தது; அப்போது மிட்டாயைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததாக ஞாபகமில்லை. பாறையைக் குடைந்த அறிவர் கோயில் அது, சமணர்களுடையது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அதைப் புதுப்பித்ததாக அங்கே பாட்டு வடிவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம், 9-ஆம் நூற்றாண்டு. விதானத்தில் தாமரைக் குளம்: மீன், அன்னம், எருமை, யானை, பூப் பறிக்கும் ஆட்கள். எல்லாரும் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். பாப்பா என்னைத் தூண்களின் பக்கம் திருப்பினாள். முன்னாலிருக்கும் தூண்களில் இரண்டு நடனப் பெண்கள். ஒரு கையை யானைத் துதிக்கை மாதிரி வீசி, இடுப்பை ஒடித்து, கொண்டையில் பூவும் நகையுமாக நிற்கிறார்கள். வர்ணம் எத்தனையோ உதிர்ந்து விட்டது. கோடுகள் உயிரோடு இருக்கின்றன.

“பசங்களை வருஷா வருஷம் கூட்டிக்கிட்டு வர்றேன், சித்தி. இதுல என்னென்ன வர்ணம்னு பரீட்சையில கேப்பேன்” என்றாள் கெமிஸ்ட்ரி டீச்சர். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண், பச்சைக்குப் பச்சை மண். காவி மண்ணில் நிறம் கொடுப்பது இரும்பு. இந்த ஜில்லாவின் செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் அதே இரும்புதான்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. சுவர் முழுவதும் சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல்தான் படம். சித்திரக்காரனுக்கு வெள்ளை வேண்டுமென்றால் எங்கேயும் போக வேண்டாம், காலடியில் குழைத்து வைத்திருப்பான். இருந்தும் அதை எடுத்து இந்தப் பெண்களின் முகத்தில் அப்பவில்லை, பார்த்தீர்களா! உடம்புக்கு மண்ணின் நிறம். பிறகு புருவத்துக்கு ஒரு வளைவு, கண்ணுக்கு ஒரு கோடு, உதட்டுக்கு ஒரு கோடு. அவ்வளவோடு கையை எடுத்துவிட்டான்.

“இந்த மாதிரி” என்றாள் பாப்பா. “இந்த அளவுக்கு.”

சாயங்காலம் நாலு மணிக்குக் கீழ ராஜ வீதியில் ஒரு கடைக்குப் போனோம். வெயில் இருக்கும்போதே போனதற்குக் காரணம் உண்டு. முகப்பூச்சு வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் இருக்கும் ட்யூப்லைட்டை நம்பக் கூடாது. அந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கடைப் பெண் வழக்கம்போல ஒரு வெளுத்த ரகத்தை எடுத்துப் பாப்பாவின் புறங்கையில் தடவப் போனாள். புறங்கை வேறு, முகம் வேறு. தாடை எலும்பு ஓரத்தில், முகமும் கழுத்தும் சேருமிடத்தில், மூன்று ரகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் விரலகலக் கோடாக இழுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றோம். முதல் கோடு சாம்பல் பூத்தது. இரண்டாவது கொஞ்சம் செம்பட்டையாகத் தெரிந்தது. மூன்றாவதைத் தேடினேன், காணோம்! தோலோடு தோலாகப் போய்விட்டது. காணாமல் போவது எதுவோ அதுதான் நமக்கு உரிய ரகம். பாப்பா அதையே வாங்கினாள்.

ரசீது போடும் நேரத்தில் அவள் பெட்டியின் பின்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கூச்சல்! “சித்தி, இங்கே பாருங்க! ஸி.ஐ. 77491, 77492!”

லாட்டரிச் சீட்டு நம்பர் என்றுதான் நினைத்தேன். அவை வர்ணப் பொருள்களுக்கு உலகம் முழுவதும் வழங்கும் எண்களாம். 77491 சிவப்பு இரும்பு ஆக்ஸைடு, 77492 மஞ்சள் இரும்பு ஆக்ஸைடு, 77499 கறுப்பு. 77891 என்று இருந்தால் அது டைட்டானியம் டையாக்ஸைடு என்ற வெள்ளை. வெளுத்த ரகத்தில் வெள்ளை கூடுதல். கறுத்த ரகத்தில் இரும்பு கூடுதல். காலையில் தூணில் பார்த்த காவியும் சாயங்காலம் இந்தச் சின்னக் குப்பியில் இருப்பதும் ஒரே சரக்கு! குப்பியில் இருப்பது தொழிற்சாலையில் சுத்தமாகச் செய்தது என்பதுதான் வித்தியாசம். ஆகவே, நேயர்களே, செம்மண்ணைத் தோண்டி முகத்தில் பூசிக்கொள்ள வேண்டாம்!

கூடவே வாங்கியவை: ஒரு கண் மைப் பென்ஸில், புருவத்துக்கு ஒரு சின்னப் பிரஷ், பாப்பாவின் உதட்டு நிறத்துக்கு ஒரு படி மேலான லிப்ஸ்டிக் ஒன்று, சின்ன ஸ்பாஞ்சு ஒன்று. அவ்வளவுதான். கடைப் பெண் இன்னும் பதினொரு சாமான் காட்டினாள். எண்ணிக்கொண்டே வந்தேன்.

அன்று ராத்திரி எதையும் முகத்தில் போடவில்லை. முழங்கையின் உட்புறத்தில் எல்லாவற்றிலும் ஒரு துளி தடவிக்கொண்டு படுத்தாள். மறுநாள் சாயங்காலம் வரை அரிப்போ தடிப்போ இல்லை. பிறகுதான் பாடம் ஆரம்பம்.

பாடம் என்றால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? இருவருமே அரிச்சுவடி. ஆளுக்கொரு கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முகம் கழுவி, ஈரம் ஒற்றி, மெல்லிய ஈரப்பசை க்ரீம் தடவி, அது தோலில் இறங்க ஐந்து நிமிஷம் விட்டோம். இந்த ஐந்து நிமிஷத்தை விடாவிட்டால் மேலே போடுவது திரி திரியாக உருளும். அனுபவத்தில் சொல்கிறேன்! பிறகு முகப்பூச்சு. கடலைப் பருப்பளவுதான். நான் வழக்கமான பவுடர் ஞாபகத்தில் முகம் முழுதும் இழுத்தேன். கண்ணாடியில் ஒரு பொம்மை பார்த்தது. பாப்பா கெட்டிக்காரி. மூக்கோரம், கண்ணுக்குக் கீழே, வாயோரம் என்று நிறம் சீராக இல்லாத இடங்களில் மட்டும் மோதிர விரலால் தொட்டுத் தொட்டு வைத்தாள். ஈர ஸ்பாஞ்சால் ஒற்றினாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள். கன்னத்திலும் நெற்றியிலும் அவளுடைய சொந்தத் தோல் அப்படியே இருந்தது. மூக்கு நுனியிலும் நெற்றி நடுவிலும் மட்டும் துளிப் பவுடர், எண்ணெய் வழியாமல் இருக்க.

அடுத்தது கண். அடாடா, அந்தக் கோடு! புதுக்கோட்டை நேர் நேரான வீதிகளுக்குப் பெயர்போன ஊர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் இழுத்த கோடு கம்பளிப் பூச்சியாக வந்தது. பாப்பாவுக்கு ஒரு கண்ணில் வடக்கேயும் ஒரு கண்ணில் கிழக்கேயும் போயிற்று. திங்கட்கிழமை முழுவதும் இதே கதை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணாடியை மேஜையில் தாழ்வாகச் சாய்த்து வைத்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, மேல் இமை மயிர் ஓரமாக முதலில் நாலைந்து புள்ளி வைத்தாள். பிறகு புள்ளிகளைச் சேர்த்தாள். கோலம் போடுகிறவளுக்கு இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்றுதான் எனக்கு ஆச்சரியம்! கீழ் இமைக்குள் மை வேண்டாம் என்று விட்டுவிட்டோம். புதுக்கோட்டை வெயிலுக்கு அரை மணியில் கன்னத்துக்கு வந்துவிடும். இன்னொன்று: கண் மைப் பென்ஸிலை அக்கா தங்கைகூடப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. ஒருவர் கண்வலி இன்னொருவருக்கு வர அதைவிட நல்ல வாகனம் கிடையாது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய துணித் திரி, விளக்கெண்ணெய் விளக்கு, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரி; அதைச் சுரண்டி எண்ணெயில் குழைத்தால் மை. ஜவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி உலர்த்தினால் சாந்து. “அவ மட்டும் என்ன சிவப்பா? கறுப்புதான். சாந்துப் பொட்டை வச்சுக்கிட்டு அவ நடந்தா…” என்று ஆரம்பித்த அக்கா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நானும் பாப்பாவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

புருவத்தில் முடி இல்லாத இடத்தில் மட்டும் முடி முடியாகச் சின்னக் கீற்று. லிப்ஸ்டிக்கை நேரே தேய்க்காமல் விரலால் ஒற்றி, காகிதத்தில் ஒரு முறை கடித்து எடுத்துவிட்டு, விரலில் மிச்சமிருந்ததைக் கன்னத்தில் இரண்டு தட்டு. முடிந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி கடிகாரம் வைத்துப் பார்த்தோம், பதினோரு நிமிஷம்.

ஆனாலும் எனக்குள் ஒரு சந்தேகம். இது போதுமா? இவ்வளவு பாடுபட்டும் ஒன்றுமே போடாத மாதிரி அல்லவா இருக்கிறது! சின்ன வயசில் கோயில் திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’ நாடகம் போடுவார்கள். விடிய விடிய நடக்கும். படுதாவுக்குப் பின்னால் ஓடிப்போய் வள்ளியைக் கிட்டத்தில் பார்த்தேன். ரோஸ் பவுடர் சுவர்ப் பூச்சு மாதிரி இருந்தது, பயந்தே போனேன். “அது கடைசியில உக்காந்திருக்கிற ஆளுக்காகப் பூசுனது கண்ணு. நீ ஏன் இவ்வளவு கிட்ட வந்தே?” என்று அந்த அம்மாள் சிரித்தது இப்போது நினைவுக்கு வந்தது. மேடைக்கு அது சரி. பி. யு. சின்னப்பாவையும் ஜெமினி கணேசனையும் கொடுத்த ஊர், அரிதாரத்தைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் புதன்கிழமை வருகிறவர்கள் கூடத்தில், எட்டடி தூரத்தில் அல்லவா உட்காரப் போகிறார்கள்! அதிலும் ஒருவர் அவளோடு முப்பது வருஷம், நாற்பது வருஷம் கிட்டத்திலேயே இருக்கப் போகிறவராக இருக்கலாம்.

புதன்கிழமை வந்தது. பாப்பா கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே போட்டுக்கொண்டாள். பச்சைப் பட்டு, தலையில் மல்லிகை. வெளியே வந்தபோது அக்கா பதறிப்போனாள். “ஏண்டி, ஒண்ணுமே போடலியா? மணி அஞ்சாச்சு!” என்றாள். பாப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். வாழ்க்கையில் எனக்கு எந்தப் பரிசும் அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை!

இந்தத் தடவை படம் எதுவும் முன்னால் போகவில்லை. வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள். பெண்ணும் அவர்களைப் பார்த்தாள். எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாய் என்று பிள்ளை கேட்டான். சொன்னாள். மாநிறம் என்று அக்கா வாயைத் திறக்குமுன், பிள்ளையின் பாட்டியம்மாள் பாப்பாவின் மோவாயைத் தொட்டு வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். எனக்கு மூச்சு நின்றது. விரலில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருமோ என்று! ஒன்றும் ஒட்டவில்லை. “கண்ணு நல்லா இருக்கு” என்றாள் பாட்டியம்மாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு பாப்பா பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்தாள். பஞ்சில் இளங்காவியாகக் கொஞ்சம், கறுப்பாக ஒரு கீற்று. எனக்குக் காட்டிவிட்டுக் குப்பையில் போட்டாள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சமிருந்த கேசரியை என்னோடு பங்கு போட்டுக்கொண்டாள்.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். இதை எழுதும்வரை வரவில்லை. அக்கா செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் ஊருக்குக் கிளம்பிய வியாழக்கிழமை காலையில் பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவளுக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. ஸ்கூட்டரைக் கிளப்புமுன் அதன் சின்னக் கண்ணாடியில் குனிந்து, நின்றபடியே இமைக்கு ஒரு கோடு இழுத்தாள். புள்ளி வைக்கவில்லை. முழங்கை ஊன்றவும் இல்லை. கோடு நேராக வந்திருந்தது.